30 பேருக்கு ஸ்பார்க்ளிங் காக்டெயில்: ஜாடியில் கலந்தால் கேஸ் நிற்பதில்லை, என்ன வழி?

மாலைவெயில்:

வணக்கம் நண்பர்களே. கோடை விருந்து ஒன்று, திறந்தவெளியில், மதியம் 3 மணியிலிருந்து 7 மணி வரை. மொத்தம் 30 பேர். 20 பேர் மது அருந்துபவர்கள், 10 பேர் தொடாதவர்கள். ஜின், எலுமிச்சை, புதினா, ஸ்பார்க்ளிங் ஒயின் போட்டுக் குளுகுளுவென்று ஒரு காக்டெயில் கொடுக்க வேண்டும். ஊற்றிக் கொடுக்க ஒரே ஒரு ஆள்தான்.

எல்லாவற்றையும் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஐஸைக் கொட்டி, கரண்டி போட்டு வைக்கும் முறை சரிப்பட்டு வரவில்லை. அரை மணி நேரத்தில் கேஸ் இறங்கிவிடுகிறது. முதல் கிளாஸ் பாகு மாதிரி தித்திக்கிறது, கடைசி கிளாஸ் எலுமிச்சை வாசனை அடிக்கும் தண்ணீர். புதினா கறுத்து, கிளாஸின் ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

கேஸ் கடைசி கிளாஸ் வரை நிற்க வேண்டும், அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியது எது, கடைசி நிமிஷத்தில் செய்ய வேண்டியது எது என்று தெரிய வேண்டும். மது தொடாதவர்களுக்கும் வெறும் ஜூஸ் இல்லாமல் அதே தரத்தில் ஒன்று வேண்டும். அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

குளிர்க்கிண்ணம்:

கேஸ் உள்ள எதையும் ஜாடிக்குள் விடாதீர்கள். ஜாடியில் இருக்க வேண்டியது கேஸ் இல்லாத அடிக்கலவை மட்டும்: ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. ஒயினும் சோடாவும் கிளாஸில்தான் சேர வேண்டும், அதுவும் கையில் கொடுப்பதற்குச் சற்று முன்பு.

கேஸை உள்ளே பிடித்து வைப்பது குளிர்தான். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 0.9 லிட்டராகிவிடும், ஏறக்குறைய பாதி. வெயிலில் நிற்கும் ஜாடி சூடேறச் சூடேற, கேஸ் தங்குவதற்கு உள்ளே இடமில்லாமல் வெளியே வந்துகொண்டே இருக்கும். இதோடு அகன்ற வாய், கரண்டி போட்டுக் கலக்குவது, சொரசொரப்பான ஐஸ், மிதக்கும் இலை, சாற்றின் சக்கை எல்லாம் சேர்ந்தால் குமிழி பிறக்க வேண்டிய அத்தனை இடத்தையும் நாமே ஏற்பாடு செய்து கொடுத்த மாதிரி.

அளவு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாஸுக்கு அடிக்கலவை 60 மி.லி., ஸ்பார்க்ளிங் ஒயின் 60 மி.லி., சோடா 60 மி.லி. மூன்றும் சமம். அந்த 60 மி.லி. அடிக்கலவையில் ஜின் 20, சாறு 20, பாகு 20. அதுவும் சமம். ஊற்றுகிற ஆள் கையில் 60 மி.லி. அளவுக்கோப்பை ஒன்று இருந்தால் போதும், எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதன் மூலவடிவம் ஃப்ரெஞ்ச் 75. பிரெஞ்சு ராணுவத்தின் 75 மி.மீ. பீரங்கியின் பெயரை வைத்துக்கொண்ட காக்டெயில் அது. அதில் சோடா கிடையாது. 30 மி.லி. ஜினும் 90 மி.லி. ஒயினும் போனால் சாறு, பாகு சேர்த்த பிறகும் 13 முதல் 15 சதவீதம் ஆல்கஹால் நிற்கும். உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்க அது அருமை. வெயிலில் தாகத்துக்குக் குடிக்கிற இடத்தில் அது வேண்டாம். நான் சொன்ன அளவில் ஐஸ் உருகுவதற்கு முன்பே 8 சதவீதம்தான். ஒரு கிளாஸில் சுத்த ஆல்கஹால் சுமார் 11.5 கிராம். 40 சதவீத ஜினும் 11 சதவீத ஒயினும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

20 பேருக்கு ஆளுக்கு 3 கிளாஸ் என்றால் 60 கிளாஸ். ஜின் 1.2 லிட்டர், சாறு 1.2 லிட்டர், பாகு 1.2 லிட்டர், ஆக அடிக்கலவை 3.6 லிட்டர். ஒயின் 3.6 லிட்டர், அதாவது 750 மி.லி. பாட்டில் 5. சோடா 3.6 லிட்டர். ஒயினில் ஒரு பாட்டில் கூடுதலாகக் குளிரவைத்து வையுங்கள். பாட்டில் திறக்கும்போது பொங்கி வீணாவது உண்டு.

இப்போது குளிர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாமே ஊற்றுவதற்கு முன்பே 4, 5 டிகிரியில் இருந்தாக வேண்டும். "ஐஸ் போடத்தானே போகிறோம், அப்போது குளிர்ந்துவிடும்" என்று நினைப்பதில்தான் பெரும்பாலான விருந்துகளில் பானம் நாசமாகிறது. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. 30 டிகிரியில் இருக்கும் 180 மி.லி. பானத்தை ஐஸ் குளிருக்குக் கொண்டுவர 67 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது கிளாஸ் கைக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர் சேர்ந்துவிடும். அதே பானம் 5 டிகிரியில் இருந்தால் 11 கிராம் போதும். உங்கள் கடைசி கிளாஸ் தண்ணீராக இருந்ததற்கு இதுதான் கணக்கு.

பாட்டில்களை முந்தைய இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் இடமில்லையென்றால் தொட்டியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. கழுத்து வரை முழுகினால் 20 முதல் 30 நிமிஷத்தில் ஒரு பாட்டில் நன்றாகக் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸுக்குள் சொருகி வைப்பது பார்க்கத்தான் அழகு. கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், கண்ணாடியை ஐஸ் அங்கங்கேதான் தொடும், குளிர மணிக்கணக்கில் ஆகும். தண்ணீர் சேர்ந்தால்தான் பாட்டிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் குளிர் பிடிக்கும்.

அவசரத்துக்கு ஃப்ரீஸரில் ஒயினைப் போட்டு மறந்துவிடாதீர்கள். ஒயின் மைனஸ் 5, 6 டிகிரிவாக்கிலேயே உறையத் தொடங்கிவிடும். கேஸ் அழுத்தமும் உறைந்து விரிவதும் சேர்ந்தால் பாட்டில் வெடிக்கும்.

பாகுபதம்:

மேலே சொன்ன அளவு நல்ல அளவு. அடிக்கலவையை எப்படிச் செய்வது என்பதை நான் சொல்கிறேன், ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பாகு என்றால் பதம் பார்த்துக் காய்ச்ச வேண்டியதில்லை. 750 கிராம் சர்க்கரை, 750 மி.லி. தண்ணீர், சர்க்கரை கரையும் வரை சூடு, அவ்வளவுதான். 1.2 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். கொதித்து வற்றவிட்டால் தண்ணீர் ஆவியாகித் தித்திப்பு கூடிவிடும், அப்புறம் 20 மி.லி. என்ற அளவுக்கே அர்த்தமில்லை. எடை போட்டே எடுங்கள். கப் கணக்கில் சர்க்கரை அளந்தால் பொடியாக இருந்தால் ஓர் எடை, பருமனாக இருந்தால் வேறோர் எடை.

பாகைச் சாதாரணப் பாகாக விடாமல் எலுமிச்சைத் தோலை அதில் சேருங்கள். இந்தக் காக்டெயிலில் மணம் தருவது சாறு இல்லை, தோலில் உள்ள எண்ணெய். காய்கறித் தோல் சீவும் கருவியால் 12 எலுமிச்சையின் மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, அந்த 750 கிராம் சர்க்கரையோடு கையால் நன்றாகப் பிசைந்து மூடி வையுங்கள். ஓர் இரவு போனால் சர்க்கரை ஈரமாகி, எண்ணெயை உறிஞ்சி, அறை முழுக்க மணக்கும். காலையில் 750 மி.லி. சூடான தண்ணீரை ஊற்றிக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தோல் சேர்ந்தால் கசப்பு இறங்கும், அதனால் சீவிய தோலின் உட்புறம் வெள்ளையாகத் தடித்துத் தெரிந்தால் கத்தியால் வழித்து எறிந்துவிடுங்கள். பழத்தின் மேல் மெழுகு பூசியிருந்தால் வெந்நீரில் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே சீவ வேண்டும்.

சாறு அன்றன்றைக்குப் பிழிந்தது மட்டும். முந்தைய நாள் பிழிந்து வைத்த சாற்றில் புளிப்பு இருக்கும், புத்துணர்வு இருக்காது, பின்னால் ஒரு கசப்பும் வரும். சிறிய எலுமிச்சை ஒன்றில் 20 முதல் 30 மி.லி. வரும், ஆகவே 1.2 லிட்டருக்கு 50 பழம் வாங்குங்கள். பெரிய மஞ்சள் எலுமிச்சை என்றால் 30 போதும். பிழிந்ததை முதலில் டீ வடிகட்டியிலும், பிறகு நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியிலும் வடிகட்டுங்கள். துணியில் வடிகட்டும் வேலையைத் தவிர்க்கவே கூடாது. சக்கையின் ஒவ்வொரு துணுக்கும் குமிழிக்கு ஒரு திண்ணை. வடிகட்டாத சாற்றின் மேல் ஒயினை ஊற்றினால் கிளாஸ் பொங்கி வழியும், நுரை அடங்கிப் பார்த்தால் உள்ளே கேஸே இருக்காது.

பிழியும் வேலையை நிழலில், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறோ தோல் எண்ணெயோ பட்ட கையோடு வெயிலில் நின்றால் ஓரிரண்டு நாளில் சருமம் சிவந்து, கொப்புளித்து, கருந்திட்டாக வாரக்கணக்கில் நிற்கும். சாற்றில் உள்ள சில வேதிப்பொருள்கள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து செய்கிற வேலை அது. பிழிந்து முடித்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வெளியே போங்கள். குழந்தைகள் பிழிய ஆசைப்படுவார்கள், அவர்களுக்கும் இதே விதி.

அடிக்கலவையில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் உப்பு. 60 கிளாஸுக்குப் பிரிந்துபோவதால் உப்புக் கரிக்காது. புளிப்பின் முனை மழுங்கி மணம் முன்னால் வரும்.

ருசி பார்க்கும்போது அடிக்கலவையை அப்படியே வாயில் விட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது தொண்டையைப் பிடிக்கிற அளவு புளிப்பாகவும் தித்திப்பாகவும்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். குளிர் தித்திப்பை அமுக்கும், கேஸ் புளிப்பைக் கூட்டும். ஒரே ஒரு கிளாஸ் முழுதாகக் கலந்து, ஐஸ் போட்டு, இரண்டு நிமிஷம் விட்டுக் குடித்துப் பாருங்கள். பழம் அதிகப் புளிப்பாக இருந்தால் 3.6 லிட்டருக்கு 100 மி.லி. பாகு கூட்டலாம். தித்திப்பு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இன்னும் நாலு பழம் பிழியுங்கள்.

புதினாவை ஜாடிக்குள்ளும் அடிக்கலவைக்குள்ளும் போடவே கூடாது. இலையைக் கசக்கினால் உள்ளிருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து அதைக் கறுக்க வைக்கும். புளிப்பில் கிடந்தால் பச்சை நிறம் சில மணி நேரத்தில் பழுப்பாகும். கொடுக்கும்போது ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டு தட்டி, கிளாஸின் விளிம்பில் மூக்குக்கு நேராகச் செருகினால் போதும். குடிக்கிற ஒவ்வொரு தடவையும் மணம் வரும், இலைத் துணுக்கு பல்லில் மாட்டாது.

மது தொடாதவர்களுக்கு: ஜினையும் ஒயினையும் எடுத்துவிட்டுச் சோடாவால் நிரப்பினால் அது எலுமிச்சை சோடாதான். காக்டெயிலில் மது தருவது போதை மட்டும் இல்லை, நாக்கில் ஒரு காரம், ஒரு துவர்ப்பு, ஒரு கனம். அந்தக் காரத்தையும் துவர்ப்பையுமாவது வேறு வழியில் கொண்டுவர வேண்டும். காரத்துக்கு இஞ்சிச் சாறு, துவர்ப்புக்குக் கிரீன் டீ. அரை லிட்டர் தண்ணீர் 80 டிகிரியில், 5 கிராம் இலை, 5 நிமிஷம், வடிகட்டி ஆறவைத்துக்கொள்ளுங்கள். 30 கிளாஸுக்குச் சாறு 600 மி.லி., தோல் சேர்த்த பாகு 600 மி.லி., டீ 450 மி.லி., துணியில் வடிகட்டிய இஞ்சிச் சாறு 150 மி.லி., உப்பு அரை டீஸ்பூன். கிளாஸுக்கு இதில் 60 மி.லி., சோடா 120 மி.லி. இதற்கும் சேர்த்துப் பாகைக் கூடுதலாகச் செய்யுங்கள்: மொத்தம் 1.8 லிட்டருக்கு 1 கிலோ 100 கிராம் சர்க்கரை, அதே எடைத் தண்ணீர், 18 பழத்தின் தோல்.

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆகவே மது உள்ளதில் புதினா, மது இல்லாததில் வெள்ளரித் துண்டு என்று அலங்காரத்திலேயே வேறுபடுத்துங்கள். ஜாடிகளின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களும் குழந்தைகளும் இருக்கும் கூட்டத்தில் இதில் குழப்பம் வரக்கூடாது.

நுரைக்கோடு:

ஊற்றும் வரிசையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதில்தான் பாதிக் கேஸ் போகிறது.

தனிக் கிளாஸுக்கு என்றால் என் கட்சி இது: முதலில் ஒயின், பிறகு சோடா, கடைசியில் அடிக்கலவை. பாகு சேர்ந்த அடிக்கலவை கனமானது, ஒயினும் சோடாவும் இலேசு. மேலிருந்து மெல்ல விட்டால் கனமானது கண்ணுக்குத் தெரிய நெளிந்து நெளிந்து கீழே இறங்கும், இறங்கும்போதே கலந்துவிடும். கரண்டி தேவையில்லை. அடிக்கலவையை அடியில் ஊற்றினால் அது அங்கேயே படுத்துக்கொள்ளும், கலக்கினால்தான் எழும்பும், கலக்கினால் கேஸ் போகும்.

குளிர்க்கிண்ணம்:

கொள்கை சரி. ஆனால் ஒரே ஆள் 30 பேருக்கு ஊற்றும்போது அடிக்கலவையை முதலில் வரிசையாக ஊற்றி வைத்துவிட்டால்தான் கை ஓடும். கேஸ் உள்ளது கடைசியில் போவதால் அது காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடியில் தங்குவதற்கு, நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஐஸை ஒரே ஒரு தடவை மேலே தூக்கி விட்டால் போதும். சுழற்றக் கூடாது.

நுரைக்கோடு:

ஒப்புக்கொள்கிறேன், கூட்டத்துக்கு அதுதான் வசதி. அப்படியானால் தட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒயின் பாட்டில் 750 மி.லி., 60 வீதம் 12 கிளாஸுக்கு 720 போய்விடும். ஆகவே அடிக்கலவை 3.6 லிட்டரையும் 720 மி.லி. வீதம் 5 பாட்டிலில் நிரப்பி மூடி வையுங்கள். ஒரு தட்டில் 12 கிளாஸ், ஒரு பாட்டில் அடிக்கலவை, ஒரு பாட்டில் ஒயின், 720 மி.லி. சோடா. தட்டு முடிந்தால் மூன்று பாட்டிலும் காலி. திறந்த ஒயின் மேசையில் நிற்காது, ஜாடி கலங்காது, கடைசித் தட்டும் முதல் தட்டும் ஒரே ருசியில் இருக்கும். ஒருவர் ஐந்து நிமிஷத்தில் ஒரு தட்டை முடிக்கலாம்.

கிளாஸ் 350 மி.லி. பிடிக்கும் உயரமான கிளாஸாக இருக்கட்டும். அகன்ற கிண்ணம் மாதிரியான கிளாஸில் மேற்பரப்பு அதிகம், கேஸ் சீக்கிரம் போகும். கிளாஸைக் கழுவியபின் சோப்பு மிச்சமில்லாமல் அலசிக் கவிழ்த்து உலரவிடுங்கள். துணியால் உள்ளே துடைத்தால் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து குமிழி கொத்துக் கொத்தாகக் கிளம்பும்.

ஐஸ் பெரிய கட்டியாக, தெளிவாக இருந்தால் நல்லது. ஃப்ரீஸரிலிருந்து நேராக எடுத்த ஐஸின் மேல் வெள்ளைப் பனித்தூள் படிந்திருக்கும். அதன் மேல் ஒயின் பட்டதும் சோப்பு நுரை மாதிரி பொங்கும். ஐஸைச் சல்லடையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுப் போடுங்கள். மேற்பரப்பு வழவழப்பாகிவிடும், பொங்குவது பெருமளவு நின்றுவிடும். உறையவைத்த பழத்துண்டுகளை ஐஸுக்குப் பதில் போடுகிறவர்களுக்கும் இதே யோசனை. நொறுக்கிய ஐஸ் வேண்டவே வேண்டாம். காகித உறிஞ்சுகுழலும் வேண்டாம், அதன் சொரசொரப்பு முழுக்கக் குமிழிதான்.

ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்து, உட்சுவரில் வழியவிட்டு ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் பார்க்க விமரிசையாக இருக்கும், கேஸ் அங்கேயே போய்விடும்.

ஒயின் வாங்கும்போது லேபிளில் ஒரு குழப்பம் உண்டு. "எக்ஸ்ட்ரா டிரை" என்று போட்டிருந்தால் தித்திப்பே இல்லாதது என்று பலர் எடுக்கிறார்கள். அது "ப்ரூட்" என்பதைவிடத் தித்திப்பு அதிகம். ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் வரைதான் சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 வரை, "டெமி செக்" 32 முதல் 50 வரை. இந்தக் கலவையில் பாகு ஏற்கெனவே இருப்பதால் ப்ரூட் எடுங்கள். இத்தாலியின் ப்ரோசெக்கோ, ஸ்பெயினின் காவா எதுவும் பொருந்தும். ஆனால் ப்ரோசெக்கோவில் "ஸ்புமாந்தே" என்று இருக்கிறதா என்று பாருங்கள், அதில் கேஸ் அழுத்தம் 3 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) குறையாது. "ஃப்ரிசாந்தே" என்றால் அதிகபட்சம் 2.5 பார்தான், ஐஸும் சாறும் சேர்ந்ததும் சோர்ந்துவிடும். ஷாம்பெய்னில் 5, 6 பார் இருக்கும், ஆனால் அதன் நுணுக்கமான மணமெல்லாம் எலுமிச்சைக்குக் கீழே மறைந்துபோகும். நல்ல ஷாம்பெய்ன் கையில் இருந்தால் தனியாகக் குடியுங்கள்.

திறப்பது: பாட்டில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், சூடான பாட்டில் கட்டாயம் பொங்கும். கார்க்கைப் பிடித்திருக்கும் கம்பிக்கூட்டை ஆறு அரைச்சுற்று திருகித் தளர்த்துங்கள். அந்த நொடியிலிருந்து கட்டை விரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் நீட்டி, கார்க்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம்தான் வர வேண்டும். "டப்" என்று வெடித்தால் கேஸும் நுரையும் தரையில்.

மாலைவெயில்:

மிக்க நன்றி, தட்டுக் கணக்கு பிரமாதம். இன்னும் சில சந்தேகங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து எத்தனை கிலோ ஐஸ்? அடிக்கலவையை முந்தைய நாளே முழுதாகக் கலந்து வைக்கலாமா? ஜின் பிடிக்காதவர்களுக்கு வோட்காவோ ரம்மோ போட்டால் அளவு மாறுமா? மொத்தத்தையும் கேஸ் ஏற்றும் கருவியில் போட்டு எடுத்துவிட்டால் வேலை மிச்சமில்லையா?

பாகுபதம்:

முந்தைய நாள் தோல் சேர்த்த பாகைத் தயார் செய்து, மது இல்லாததுக்கு 600 மி.லி. தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி 1.2 லிட்டரில் ஜினையும் உப்பையும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அது கெடாது. சாறு மட்டும் விருந்தன்று காலையில், பரிமாற நாலைந்து மணி நேரத்துக்கு முன். சாறு சேர்த்ததும் பாட்டில்களில் நிரப்பி மறுபடி ஃபிரிட்ஜ். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரமே பயன்படுத்துங்கள். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரத்தில் இந்தப் புளிப்பு உலோகத்தைக் கரைத்து ருசியையும் உடம்பையும் கெடுக்கும்.

வோட்கா அதே அளவு. ஆனால் ஜினில் இருக்கும் மூலிகை மணம் போய்விடுவதால் வெறுமையாகத் தெரியும். தோல் பாகு இருந்தால் அந்தக் குறை பாதி தீரும். வெள்ளை ரம் போட்டால் ரம்மே தித்திப்பாகத் தோன்றும், பாகை 20-லிருந்து 17 மி.லி. ஆக்குங்கள். டெக்கீலாவுக்கு உப்பைக் கொஞ்சம் கூட்டலாம்.

குளிர்க்கிண்ணம்:

ஐஸ்: கிளாஸுக்கு 150 கிராம். 90 கிளாஸுக்கு 13.5 கிலோ. பாட்டில்களைக் குளிராக வைக்கும் தொட்டிக்கு 10 கிலோ. மொத்தம் 25 கிலோ என்று வாங்கி, இரண்டையும் வேறு வேறு பெட்டியில் வையுங்கள். பாட்டில் மிதக்கும் தொட்டியில் கைவிட்டு எடுத்த ஐஸ் கிளாஸுக்குப் போகக் கூடாது. மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியும், அதன் மேல் நிழலும் இல்லாவிட்டால் 25 கிலோவும் காணாது.

கேஸ் ஏற்றும் கருவி: தண்ணீருக்கு மட்டும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் அதில் தண்ணீர் தவிர எதையும் ஊற்றாதீர்கள். பாகும் சாறும் சேர்ந்த கலவை கேஸ் ஏறியதும் நுரையாகப் பொங்கி வால்வுக்குள் புகும், வழி அடைபட்டால் அழுத்தம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சோடாவைக் கருவியில் செய்துகொள்ளலாம், தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருந்தால் கேஸ் நிறையப் பிடிக்கும். அதே காரணத்துக்காக, கேஸ் உள்ள எதையும் காக்டெயில் ஷேக்கரில் போட்டுக் குலுக்கக் கூடாது, மூடி பறக்கும்.

சோடாவைச் சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். மொத்தம் 7.2 லிட்டர் தேவை, மது உள்ளதுக்குப் பாதி, இல்லாததுக்குப் பாதி. இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் காலியான இடத்துக்குக் கேஸ் ஏறி, கடைசி அரை லிட்டர் சப்பென்று இருக்கும்.

நுரைக்கோடு:

பாதி ஒயின் மிஞ்சினால் பாட்டில் வாயில் கரண்டி தொங்கவிட்டால் கேஸ் நிற்கும் என்பார்கள். நிற்காது. ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்றே வரும் கவ்விப் பிடிக்கிற மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை குடிக்கும்படி இருக்கும்.

பாகுபதம்:

மிஞ்சிய அடிக்கலவையை ஊற்றிவிட வேண்டாம். தட்டையான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீஸரில் வையுங்கள். ஆல்கஹாலும் சர்க்கரையும் இருப்பதால் கல்லாக உறையாது. மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால் சுரண்டிவிட்டால் மறுநாள் மிருதுவான எலுமிச்சை ஐஸ் துருவல் கிடைக்கும். சின்னக் கிண்ணத்தில் அதை வைத்து, மிஞ்சிய ஒயினை மேலே ஒரு சுற்று விடுங்கள். மது இல்லாத கலவை கொஞ்சம் கெட்டியாக உறையும், அதை அரை மணிக்கு ஒரு தடவை சுரண்டுங்கள்.